கொப்புளநோயும் தெளிப்பு மருந்தும்

எல்ல மலையிடுக்கின் வழியே ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை ஊட்டுகிறது என்பது உலகறிந்த செய்தி. அக்காற்று மற்றொரு தொண்டும் புரிகிறது. இலை காய்ந்து வெயில் நீடிக்கும் அந்நாட்களில், தேயிலையின் பெரும்பகையான கொப்புளநோய் தலையெடுப்பதில்லை. ஐப்பசி பிறந்து, வடகீழ்ப் பருவமழை இறங்கி, பசறை, நமுனுகுலைச் சரிவுகளை மூடுபனி நாட்கணக்கில் போர்த்துக்கொள்ளும்போதே அதன் காலம் தொடங்குகிறது.

அஸ்ஸாமில் 1868-இலேயே அறியப்பட்ட இந்நோய், இலங்கைக்கு வந்தது 1946-இல். கோப்பியின் வரலாற்றை அறிந்தோர் அன்று அஞ்சியிருப்பின் வியப்பில்லை. பதுளையை அடுத்த மடுல்சீமையில் 1869-இல் கோப்பி இலைகளிற் காணப்பட்ட துருநோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் அத்தொழிலையே வீழ்த்திவிட்டது. செம்புக் கலவையின் ஆற்றல் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் புலப்பட்டபோது, இலங்கைக் கோப்பி பெரும்பாலும் கைவிட்டுப் போயிருந்தது. தேயிலைக்கு அவ்விதி நேராமற் காத்தவற்றுள் முதலிடம் அந்தச் செம்புக்கே உரியது.

எனினும், செம்பு மருந்து நோயைக் குணப்படுத்துவதன்று, வருமுன் தடுப்பது. இதனை உணராமல் தெளிப்பவர் மருந்தையும் கூலியையும் மழையிற் கரைப்பவரேயாவர். எக்சோபசீடியம் வெக்சான்ஸ் என்னும் பூஞ்சணத்தின் நுண்வித்து, காற்றில் மிதந்து வந்து ஈரமான இளந்தளிரில் தங்கி முளைக்கிறது. முதிர்ந்த இலையை அது தீண்டுவதில்லை. சில நாட்களில் எண்ணெய்ப் பொட்டுப் போன்ற புள்ளி தோன்றும். பின்னர் இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்கொப்புளமாகப் புடைக்கும். பூஞ்சணம் இலைக்குள் புகுந்த பின் மேலே படியும் செம்பு அதனை எட்டாது. ஆகையால் கொழுந்தெடுத்தவுடன், புதுத்தளிர் விரியுமுன் தெளித்து, மழைக்காலத்தில் ஏழு முதற் பத்து நாட்களுக்கு ஒருமுறை அதனைத் தொடர்தல் வேண்டும். கவ்வாத்து வெட்டித் துளிர்த்துவரும் மலைகளே மிகுந்த கவனத்திற்குரியவை; அங்கு காண்பதெல்லாம் இளந்தளிர் அன்றோ!

மழையை மட்டும் பார்த்துத் தெளிப்பதும் போதாது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகியோர், இந்நோயின் மீது வெயிலும் மழையும் கொண்டுள்ள செல்வாக்கை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டனர். வெயில் நேரத்தைக் கணக்கிட்டுத் தெளிப்பை முடிவுசெய்யும் முறை இத்தகைய ஆய்வுகளின் பயனாகும். வானம் வெளுத்துவிட்ட வாரத்தில் பழக்கத்திற்காக மருந்தடிப்பது வீண்.

வீண் மட்டுமன்று, சிலவேளை கேடுமாகும். பூச்சி மருந்தில் இந்நாடு அதனைக் கண்டறிந்தது. இலைகளை நூலாற் பிணைத்து அதனுள் ஒளிந்து தின்னும் இலைசுருட்டுப் புழுவை அடக்க, 1930களில் சாவகத் தீவிலிருந்து மக்ரோசென்றஸ் என்னும் சிறு குளவி வருவிக்கப்பட்டது. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். அதனால் புழு அடங்கிக் கிடந்தது. பின்னர் 1950களில், கிளைகளைத் துளைத்து முறியச் செய்யும் துளைவண்டை ஒழிக்க டீல்ட்ரின் தெளித்தனர். வண்டு குறைந்தது, குளவியும் மாண்டது. இலைச்சுருளுக்குள் இருந்த புழுவோ தப்பிப் பெருகித் தளிரையெல்லாம் தின்றது. ஒரு பகையை வெல்லப் போய், உறங்கிய பகையை எழுப்பியதாயிற்று. டீல்ட்ரின் பின்னர் கைவிடப்பட்டது.

மருந்துக்கலத்தை முதுகிற் சுமந்து செங்குத்தான மலையில் ஏறுபவரின் உடல்நலமும் இக்கணக்கில் சேரவேண்டியதே. எல்லக் கணவாயை ஒட்டிய மலைகளில் காற்றின் திசை அடிக்கடி மாறும். காற்றுக்கு எதிரே நின்று தெளித்தால், இலையிற் படிய வேண்டியது முகத்திற் படியும். காலையில் காற்று எழுமுன் வேலையைத் தொடங்குதலும், முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றை நிருவாகமே வழங்குதலும் வேண்டும். கலத்தைக் கழுவிய நீரை ஓடையில் ஊற்றலாகாது. கீழே லயத்துப் பீலியில் பெண்கள் குடிநீர் பிடிப்பது அவ்வோடையின் நீரையே.