மருந்தும் பருப்பும்

பார்க்கின்சன் நோயைத் தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதனை விளக்கி எழுதியபோது இட்ட பெயரும் இப்பொருளதே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பெயர் முழு நிறைவு தரவில்லை. நடுக்கமே இன்றி, உடல் விறைத்து நடை தளர்வோரும் உண்டு. பெயர் நிற்க, உணவைப் பற்றிக் காண்போம்.

மூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் அழிவதால் இந்நோயின் நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் புகாது. லெவோடோபா புகும், உள்ளே சென்று டோபமினாக மாறும். அதனைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். நம் நாட்டு விதைதானே என்று அதன் பொடியைத் தாமே வாங்கி உண்பது தகாது. விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் மிகையாகும்.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பு, மீன், பால் ஆகியவற்றிலுள்ள புரதமும் செரித்தபின் அமினோ அமிலங்களாகிறது. குடலிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்ல இவற்றுக்குப் பொதுவான வாயிலே உண்டு. அங்கே நெரிசல் மிகுந்தால் மருந்து பின்தங்கிவிடும்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வாழும் நம்மவர் இல்லங்களில் காலையில் இட்லியும் சாம்பாரும் தவறுவதில்லை. மாலையில் வங்க நண்பர் வீட்டுக்குச் சென்றாலோ சந்தேஷ் வந்துவிடும். பாலைத் திரித்தெடுத்த சானாவினால் ஆன அதுவும் புரதமே. இவற்றோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, கால் எழவில்லையே, மருந்து பொய்த்ததே என்று இன்னொன்றை விழுங்குவோர் உண்டு. அது கேடு. உணவுக்கு அரை மணி முன்போ, உண்டபின் ஒரு மணிக்கு மேற்பட்டோ மாத்திரை கொள்வதே முறை. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிடி பொரி போதும். இவ்வூரில் முரி எனக் கேட்டால் எக்கடையிலும் கிடைக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் இம்மருந்தையும் ஒருசேரக் கொள்ளலாகாது.

பருப்பையே விலக்கிவிடுவது அதனினும் பெருந்தவறு. இந்நோயில் உடல் மெலிவது இயல்பு. பட்டினி அதனை விரைவுபடுத்தும். மருந்தின் பயன் பகலில் அடிக்கடி அறுந்துபோவோருக்கு மட்டும், புரதத்தின் பெரும்பகுதியை இரவு உணவுக்கு மாற்றும்படி மருத்துவர் கூறுவதுண்டு.

மலச்சிக்கலோ நடுக்கத்திற்குப் பல்லாண்டு முன்பே தொடங்கிவிடக் கூடும். கீரை, பப்பாளி, போதிய நீர் ஆகியவை துணை செய்யும். நீரும் ரசமும் அருந்தும்போது புரையேறுமானால் நிமிர்ந்து அமர்ந்து சிறுகச் சிறுக அருந்துக. மருத்துவரிடமும் உடனே கூறுக.

அவரிடம் செல்லுகையில், மாத்திரை நேரத்தையும் உண்ட நேரத்தையும் பொருளையும் எழுதிய தாளொன்றை எடுத்துச் செல்வது நன்று. நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பதை வங்க மருத்துவர் எங்ஙனம் அறிவார்?