விழிப்பும் வேட்கையும்

அட்டன், நுவரெலியா மலைத் தோட்டங்களில் முற்காலத்தில் விடியுமுன்னே தப்பு முழங்கும். லயங்களில் உறங்கியோர் எழுந்து, தேநீரைப் பருகிவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு விரைவர். தாம் பறித்த கொழுந்தே தம்மை எழுப்புகிறது என்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

எழுப்புவது காஃபீன் என்னும் பொருள். 1819ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ருங்கே அதனைக் காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வருகிறது. அது நரம்பணுக்களின் ஏற்பிகளிற் சென்று பொருந்த, உறக்கம் தலைகாட்டுகிறது. காஃபீனோ முந்திச் சென்று அவ்விடத்தை அடைத்துக்கொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, களைப்பின் செய்திதான் தடைப்படுகிறது. உறக்கக் கடன் அப்படியே நிற்கும்.

அடினோசின் ஒதுங்கினால் டோபமீனின் கை ஓங்கும். விழிப்புக்குத் துணைநிற்பதும், இன்பம் தந்ததை மீண்டும் நாடுமாறு மூளையைப் பழக்குவதும் அதுவே. அப்படியாயின் தேநீரும் போதைப்பொருள்தானா என்று நேயர்கள் வினவலாம். அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. தேநீர் அவ்வழியை மெல்லத் தொடுகிறது; திடீரென நிறுத்துவோருக்குத் தலைவலி வரும், சில நாளில் தணியும்.

கவ்வாத்து வெட்டிக் களைத்தவர் மாலையில் நாடும் சாராயமும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் அதே வழியை வன்மையாக உலுக்குகின்றன. நாளடைவில் இன்பம் குன்றும், வேட்கை குன்றாது. குடியை மனவுறுதிக் குறைவென்று மட்டும் பழிப்போர் இதனைக் கருதுவதில்லை. சாராயம் உறக்கத்தை விரைந்து அழைத்துவந்து, பின்னிரவில் கலைத்தும் விடுகிறது. மறுநாள் விடியலில் தேநீருக்குச் சாயம் சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கும்.