நெஞ்சுப் பட்டையா, கைப்பட்டையா? எதை வாங்குவது?

(படவேட்டில் நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அத்தாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வருகிறார்கள். அடி எண்ணும், இதயத் துடிப்பு காட்டும், தூங்கிய நேரம் சொல்லும். இதயத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டு வந்தவர்கள், “நெஞ்சில் கட்டும் பட்டைதான் சரியாகக் காட்டுமாமே, அதை வாங்கட்டுமா?” என்று கேட்கிறார்கள். சிலர் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவியிலேயே அதைக் கேட்கிறார்கள். எனவே இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, யாருக்கு எது தேவை என்பதை இன்று விளக்குகிறேன்.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு சிறு மின்துடிப்பு உண்டாகிறது. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கும்போது பதிவாவது அதுதான். நெஞ்சுப் பட்டையும் அந்த மின்துடிப்பைத்தான் பிடித்து எண்ணுகிறது. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982ல் கம்பி இல்லாத இதயத் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்காக வந்த கருவி. பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்து, நெஞ்சோடு இறுக்கமாகக் கட்ட வேண்டும். வேகமாக ஓடினாலும் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

கைப்பட்டையின் வழி வேறு. அதன் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் இரத்தம் கூடிக் குறைவதற்கு ஏற்ப, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே காட்டும். பட்டை தளர்ந்திருந்தாலோ கை வேகமாக ஆடினாலோ தடுமாறும். அடிகளை எண்ணுவது அதனுள் இருக்கும் வேறொரு சிறு உணரி. அது காலைப் பார்ப்பதில்லை, கையின் அசைவைத்தான் பார்க்கிறது.

தறி வீட்டுக்காரர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தறியில் உட்கார்ந்தவரின் கை நாள் முழுக்க ஆடுகிறது. அந்த அசைவையும் கருவி நடை என்று எண்ணிவிடக்கூடும். மாலையில் “இன்று 6,000 அடி” என்று காட்டினால், அவர் நடக்காமலே நடந்த திருப்தி வந்துவிடும். தறியில் உட்காரும் முன் எண்ணைப் பாருங்கள், பத்து நிமிடம் நெய்த பிறகும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் நெய்யும் நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு நூறு அடி நீங்களே எண்ணி நடந்து, கருவி என்ன காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்து நடந்தாலே பெரும்பாலான கைப்பேசிகள் அடியை எண்ணிவிடும். அதற்குத் தனிச் செலவு இல்லை.

அடுத்து, எத்தனை அடி நடப்பது? 10,000 என்பது மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எண் அல்ல. 1965ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்றபோது அதற்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயரை வைத்தது. அந்த எண் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. 2019ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சராசரியாக 72 வயதான 16,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களிடம், மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பலன் கூடியது, அதற்குமேல் பெரிதாகக் கூடவில்லை. நம் மாநில அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. முடிந்தவர்கள் முழுதும் நடக்கட்டும், முடியாதவர்கள் பாதி நடந்தாலும் நன்மைதான்.

கருவி காட்டும் கலோரிக் கணக்கை மட்டும் நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். 2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தனர். ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் அவற்றுள் சிறந்த கருவிக்கே சராசரியாக 27 சதவீதப் பிழை இருந்தது.

அப்படியானால் நெஞ்சுப் பட்டை யாருக்கு? ஓட்டப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களுக்குப் பயன்படும். மாரடைப்புக்குப் பின் “துடிப்பு இந்த எண்ணைத் தாண்டாமல் உடற்பயிற்சி செய்யுங்கள்” என்று மருத்துவரே எண் குறித்துக் கொடுத்தவர்களுக்கும் பயன்படும். 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. 50 வயதுக்காரருக்கு 170 வரும். அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை, அதாவது 85 முதல் 119 வரை, மிதமான பயிற்சி என்பார்கள். ஆனால் மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மாத்திரையே துடிப்பை அடக்கி வைக்கிறது. எண் ஏறவில்லையே என்று அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து. அவர்களுக்கான எண்ணை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்குக் காசில்லாத அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் இப்படி நடந்தால் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு நிறைந்துவிடும். பள்ளிவாசலுக்கு நடந்து போய் வரும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்று சொல்லிச் சில கடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட எந்தக் கடிகாரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. நோன்பு நாட்களில் மருந்து எடுப்பவர்கள் அஸருக்குப் பின் வேகமாக நடப்பதைத் தவிர்த்து, நோன்பு திறந்து சற்று நேரம் கழித்து நடப்பது நல்லது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கைப்பட்டையோ நெஞ்சுப் பட்டையோ, மாரடைப்பைக் கண்டுபிடித்துச் சொல்லாது. நெஞ்சு அழுத்துகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. அந்த நேரத்திலும் கடிகாரம் 78 என்று காட்டலாம். “துடிப்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று படுத்துக்கொள்ளாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். 2023ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் தர வேண்டிய மாத்திரைகளைத் தருகிறார்கள். அதன் பிறகுதான் அடுக்கம்பாறைக்கோ திருவண்ணாமலைக்கோ பயணம். அரை மணி நேரம் தாமதித்தாலும் இதயத் தசை அந்த அளவுக்குச் செத்துப்போகிறது.

நமது அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு என் கருத்து இதுதான். மருத்துவர் எழுதிக் கொடுத்த நோயாளிக்கு மட்டும் நெஞ்சுப் பட்டைக்கு உதவலாம். மற்றபடி அந்தப் பணத்தில் மேல்கையில் கட்டி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி வையுங்கள். இரத்த அழுத்தம் வலியோ அறிகுறியோ காட்டாமல் இருக்கும், பார்த்தால்தான் தெரியும். கூடியிருப்பது தெரிந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டிலிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது.

கடிகாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு நடங்கள். இல்லையென்றால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிறைந்த உடல் நலத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.