கோட்டைக்குள் குளிர்ச்சி, கூரைக்குள் கொதிப்பு

(செஞ்சி வட்டாரப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செஞ்சிக்குப் பேச வந்தவன் கோட்டையைப் பற்றிப் பேசாமல் திரும்பினால் நீங்கள் விடமாட்டீர்கள். விடவும் கூடாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை இது. 2025 ஜூலைத் திங்களில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலே சேர்த்தார்கள். அந்தப் பன்னிரண்டிலே தமிழகத்துக்கு உரியது உங்கள் செஞ்சி ஒன்றுதான். 1677-ல் சிவாஜி கைக்கொண்ட கோட்டை. முகலாயப் பெரும்படை ஆண்டுக் கணக்கிலே காத்துக் கிடந்து 1698-லேதான் உள்ளே நுழைய முடிந்த கோட்டை. 1714-ல் தேசிங்கு மாண்ட கதையை இன்றும் மறவாத மண்.

ஆனால் தோழர்களே, இந்தக் கோட்டையின் வரலாற்றிலே வாளும் பீரங்கியும் இல்லாமலே நடந்த ஒரு சாவுக் கதை உண்டு. அதைத்தான் முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஓரிரவிலே இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761 வரை அவர்கள் கையிலே இருந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் அவர்கள் இங்கே இழந்த ஐரோப்பியப் படைவீரர்கள் ஆயிரத்து இருநூறு பேர் என்று பழைய சரித்திர நூல்கள் கூறுகின்றன. ஒரு வேளையில் இங்கே தங்கியிருந்தவர்களோ நூறு பேருக்கு மேற்படவில்லை! குண்டு பாய்ந்தா இத்தனை பேர் மடிந்தார்கள்? இல்லை. காய்ச்சலிலே மடிந்தார்கள். "கெட்ட காற்று" என்றார்கள், "கெட்ட தண்ணீர்" என்றார்கள், "இந்த ஊரின் விதி" என்றார்கள். 1897-ல் செகந்தராபாத்திலே ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள்ளே மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான், காரணம் விதியுமல்ல, காற்றுமல்ல, தேங்கிய நீரிலே பிறக்கும் கொசு என்று உலகம் தெளிந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? இன்று வெயிலிலே ஒரு தொழிலாளி சுருண்டு விழுந்தால், "கத்தரி வெயில் அப்பா, என்ன செய்வது?" என்கிறோம். விழுந்தவனின் மனைவியும் அப்படித்தான் சொல்லி அழுகிறாள். அன்று காய்ச்சலுக்குச் சொன்ன அதே பதில்!

உலகம் சூடேறி வருகிறது. 2024-ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்திய நாட்களைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் வெப்பம் கூடியிருந்தது என்று அளந்து அறிவித்தார்கள். ஒன்றரை டிகிரிதானே என்று எண்ணிவிட வேண்டாம். அது கடலையும் துருவத்தையும் சேர்த்துப் போட்ட சராசரி. செஞ்சிப் பாறைகளுக்கு நடுவே, சித்திரை மாதத்துப் பிற்பகலிலே, நெல் மூட்டை சுமப்பவன் முதுகிலே விழும் கணக்கு வேறு.

கோட்டைக்குள்ளே கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். சதுர வடிவிலே அடுக்கடுக்காய் எழுந்து கூம்பாய் முடிகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் நடுவிலே சிறிய அறை. சுற்றிலும் வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் உள்ளே நுழைய வழி உண்டு. நுழைந்த காற்று வெளியேறவும் வழி உண்டு. வெயில் நேரே அறைச் சுவரைத் தொடாது, தாழ்வாரம் தடுத்துக்கொள்ளும். அருகிலே தண்ணீர். அந்தத் தண்ணீரை மண் குழாய் வழியே மேல் மாடிவரை ஏற்றியிருக்கிறார்கள். மின்விசிறி இல்லாத காலத்தின் அறிவு அது.

இங்கே ஒரு நண்பர், "பார்த்தீர்களா, நம் முன்னோர் பெருமையை!" என்று மகிழ்வார். மகிழட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குளிர்ச்சி யாருக்கு? அரண்மனைப் பெண்டிருக்கு. குன்றின்மேல் கல் சுமந்தானே, சுண்ணாம்பு அரைத்தானே, அவன் எங்கே படுத்தான்? அவன் படுத்த இடத்துக்குச் சுவடும் இல்லை, சின்னமும் இல்லை, பட்டியலும் இல்லை. அறிவு அன்றும் இருந்தது. அது கோட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஓலைக் குடிசையை ஏழையின் எழில் இல்லம் என்று பாடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வெயிலுக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் ஒரு பொறி விழுந்தால் ஒரு தெருவே சாம்பல்! மழை வந்தால் இரவெல்லாம் பாத்திரம் ஏந்த வேண்டும். ஆகவேதான் காரை வீடு கேட்டோம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2010-ல் குடிசைகளைக் காரை வீடுகளாக்கும் திட்டம் வந்தது. 2024-ல், ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று, 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவதாக அறிவிப்பு வந்தது. நல்லவை. இவற்றைக் குறை சொல்ல நான் இங்கு வரவில்லை.

ஆனால் சென்ற மே மாதம், இந்த வட்டாரத்திலே ஒரு சிற்றூரில், இரவு பத்து மணிக்கு ஒரு காட்சி கண்டேன். வரிசையாகக் காரை வீடுகள். உள்ளே ஆளில்லை! வீட்டுக்குரியவர்கள் எல்லாரும் தெருவிலே பாய் விரித்துக் கிடந்தார்கள். ஒரு மூதாட்டியிடம், "ஏனம்மா, வீட்டை விட்டுவிட்டு இங்கே?" என்றேன். "வீடு கேட்டோம், வந்தது ஐயா. உள்ளே படுத்தால் வேகுதே!" என்றாள்.

அவள் சொன்னது உவமை அல்ல, உண்மை. மெல்லிய காரைத் தளம் பகலெல்லாம் கதிரவன் தரும் சூட்டை விழுங்குகிறது. பொழுது சாய்ந்த பிறகு அதைக் கீழே, அறைக்குள்ளே கக்குகிறது. தெருவிலே காற்று தணிந்த பிறகும் தளம் தணிவதில்லை. மனித உடலோ பகலிலே ஏறிய சூட்டை இரவிலே ஆற்றிக்கொண்டாக வேண்டும். இரவும் ஆறவிடாவிட்டால் இதயம் ஓயாமல் உழைக்கும். முதியவரும் நோயாளியும் தாங்க மாட்டார்கள். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, சிகாகோ நகரில், 1995 ஜூலையில் சில நாள் வெப்பத்திலே எழுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களிலே பெரும்பாலோர் ஏழை முதியவர்கள், தனித்து வாழ்ந்தவர்கள்.

வழி இல்லையா? உண்டு. விலை உயர்ந்ததா? இல்லை.

ஆமதாபாத் நகரிலே 2010 மே மாதத்தில், வழக்கமான சாவுக் கணக்கைவிட ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் கூடுதலாக மாண்டார்கள். அந்த நகராட்சி மன்றம் அழுதுவிட்டு ஓயவில்லை. 2013-ல் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு செயல்திட்டம் வகுத்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, தெருவுக்குத் தண்ணீர். பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. அதனால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என்று பிறகு ஆய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள்.

வெள்ளைப் பூச்சு என்றால் வேறொன்றுமில்லை, சுண்ணாம்புதான்! கறுத்த தளம் கதிரை விழுங்கும், வெளுத்த தளம் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள்ளே இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிறோமே, அதையே பங்குனியில் மாடிக்கும் அடித்தால் போதும். மழையிலே கரையும், மறு ஆண்டும் அடிக்க வேண்டும்; அவ்வளவுதான் குறை. நம் கொத்தனார்களுக்கு இன்னொன்றும் தெரியும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி, கட்டையால் தட்டித் தட்டிப் பரப்பி, மேலே தட்டோடு பதிப்பார்கள். மழைநீரையும் தடுக்கும், சூட்டையும் தடுக்கும். மாடி வீட்டுக்காரர் மறவாமல் போட்டுக்கொண்டார். திட்ட வீட்டிலே மதிப்பீடு குறுகும்போது முதலில் அடிபடுவது அதுதான்! எதிரெதிராக இரண்டு சன்னல் வைப்பதற்குக் கூடுதல் செலவே இல்லை. அதையும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

"குளிர்சாதனம் வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்பார் வசதி படைத்தவர். அவருக்குத் தீர்ந்தது. அந்தப் பெட்டி தன் அறையின் சூட்டை எடுத்து எங்கே கொட்டுகிறது? தெருவிலே, பக்கத்து வீட்டுச் சன்னலிலே! அது குடிக்கும் மின்சாரத்துக்காக நம் பழைய தென்னார்க்காட்டிலேயே, நெய்வேலியில், பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்தப் புகை வானை மேலும் சூடாக்குகிறது. மருத்துவமனைக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஊரையே அதைக் கொண்டு குளிர்விக்க இயலாது.

இன்னொரு செய்தி. 2024 அக்டோபரிலே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் மாண்டவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். வரவேற்கத்தக்க ஆணை, வெயிற்சாவு விதிச்சாவு அல்ல என்று அரசே ஏட்டிலே எழுதிவிட்டது. ஆனால் அதன் அடுத்த வரியை நாம் கேட்க வேண்டாமா? இறந்த பின் நான்கு லட்சம் தரும் கை, இருக்கும்போது நாலு சட்டிச் சுண்ணாம்பு தரக் கூடாதா? மூட்டை தூக்குபவனுக்கும் கல் உடைப்பவனுக்கும், உச்சிவேளையிலே மூன்று மணி நேரம் கூலி குறையாமல் ஓய்வு தரக் கூடாதா? கூலியைப் பிடித்துக்கொண்டு தரும் ஓய்வு, ஓய்வல்ல, பட்டினி.

கத்தரி வெயில் மே 4-ஆம் நாள் வாக்கிலே தொடங்குகிறது. அதற்கு மூன்று நாள் முன்னே, மே முதல் நாள், தொழிலாளர் திருநாள். ஊராட்சிகளிலே கிராம சபை கூடும் நாளும் அதுவே. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: அன்று போங்கள். தெருவிலே படுத்துக்கிடந்த அந்த மூதாட்டியையும் அழைத்துப் போங்கள், அவளே பேசட்டும். திட்ட வீடுகளின் மாடிக்குச் சுண்ணாம்பு, களத்துமேட்டிலே நிழற்கொட்டகை, குடிதண்ணீர், ஏரிக்கரையிலே மரம், உச்சிவேளை ஓய்வு என்று தீர்மானமாகக் கேளுங்கள். செஞ்சி நகரத்துத் தோழர்கள் பேரூராட்சி மன்றத்திலே இதே கோரிக்கையைக் கொடுங்கள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அதிலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.