ஈறுக்குள் முறிந்த வேர்

கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டு, பிள்ளையின் முன்பல் ஆடுகிறது. வெளியே பல் முழுசாகத்தான் தெரியும். உள்ளே, எலும்புக்குள் இருக்கும் வேர் இரண்டாக முறிந்திருக்கலாம். எக்ஸ்ரேயை வெவ்வேறு கோணங்களில் எடுத்தால்தான் அது பிடிபடும்.

பால்பல் அல்ல, நிலைத்த பல். அதனால், "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்று தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முறிந்த வேரும் ஆறும். விலகிய பல்லை மருத்துவர் பழைய இடத்தில் பொருத்தி, வளைந்துகொடுக்கும் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டுவார். 4 வாரம் அப்படியே இருக்கும். முறிவு ஈறு ஓரத்தில் என்றால் 4 மாதம்வரைகூட ஆகலாம். கை முறிந்தால் மாவுக்கட்டு போடுவதுபோலத்தான், ஆனால் அவ்வளவு இறுக்கம் கூடாது. பல் லேசாக அசைய வேண்டும். முதல் சில நாட்களுக்குக் குழைந்த சாதம், இட்லி. மிருதுவான பிரஷ்ஷால் பல் துலக்குவதை மட்டும் நிறுத்தக்கூடாது.

வேர் சிகிச்சையை முதல் நாளே தொடங்க வேண்டியதில்லை. சோதனையில் பல்லுக்கு உணர்ச்சி இல்லையென்றாலும் பொறுத்திருக்கலாம். சில மாதம் கழித்துக்கூட அது திரும்பும். பெரும்பாலான பற்களில் உள்ளிருக்கும் கூழ் பிழைத்துக்கொள்கிறது. அது செத்து, சீழ் வைத்தால் மட்டுமே சிகிச்சை. அப்போதும் பெரும்பாலும் வாய்ப்பக்கத்துத் துண்டுக்குச் செய்தாலே போதும்.

கம்பியை எடுத்த பிறகும் 5 ஆண்டுகளுக்காவது, சொன்ன தேதியில் பிள்ளையை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.