குர்பானி மாட்டுக்குப் பெயர் வைக்கலாமா?

(ஹஜ்ஜுப் பெருநாள் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





இந்த மலையில் கடை வைத்துப் பிழைக்கும் இளையவர்கள் சார்பில் பேசுகிறோம். மார்க்கச் சட்டத்தை ஹஜ்ரத்மார்கள் சொல்வார்கள். பெருநாளுக்கு மாடு வாங்கி, கட்டி, தீனி போடும் வேலை எங்களுடையது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

தமிழர்களுக்கும் மாட்டுக்கும் இந்த நாட்டில் பழைய உறவு. நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் மக்கள் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் பிறந்தவற்றைக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை இனம்' என்றே சொல்கிறார்கள். அந்தப் பசுக்களுக்கெல்லாம் பெயர் உண்டு. லட்சுமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

நம் குர்பானி மாட்டின் கதை வேறு. தாப்பாவிலிருந்து லாரியில் வளைவு வளைவாக ஏறி வருகிறது. சில நாள் நம்மிடம் தங்குகிறது. அதற்குள் பிள்ளைகள் புல் கொடுத்து, நெற்றியைத் தடவி, "கருப்பா" என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். பெருநாளன்று அழுகிறார்கள். "குர்பானி மாட்டுக்குப் பெயர் வைக்காதே, அழாதே" என்று நாம் அதட்டுகிறோம். சில வீடுகளில் பிள்ளைகளை மாட்டுப் பக்கமே விடுவதில்லை. இப்போது கைப்பேசியில் பணம் அனுப்பினால் வேறு நாட்டில் அறுத்துவிடுகிறார்கள். அங்கே ஏழைகளுக்கு இறைச்சி போய்ச் சேர்வது நல்ல காரியம்தான். ஆனால் நம் பிள்ளைக்கு அந்த மாட்டின் நிறம்கூடத் தெரியாது.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களிடம் அல்லாஹ் கேட்டது வேண்டாத பொருளை அல்ல. உயிருக்கு உயிரான மகனை. பிரியம் இல்லாத இடத்தில் தியாகம் எங்கே இருக்கிறது? மதீனாவில் குர்பானிப் பிராணிகளைத் தீனி போட்டுக் கொழுக்க வளர்த்ததை அபூ உமாமா (ரலி) சொன்னதாக இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். வளர்த்தவருக்குப் பாசம் வராமல் இருக்குமா? அமெரிக்காவில் ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பில் பிள்ளைகள் கன்றை வளர்த்துச் சந்தையில் விற்கிறார்கள். அங்கேயும் விற்கிற நாளில் கண்ணீர்தான். அழுவது ஈமானின் குறை அல்ல.

பாசத்தைக் காட்டும் இடம் வேறு. மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். குருடு, நொண்டி, நோய், மெலிவு கூடாது. பல்லையும் நடையையும் பார்த்துப் பார்த்து வாங்குவதே பாசத்தின் முதல் படி. லாரியிலிருந்து இறங்கியதும் தண்ணீர், நனையாத கொட்டகை, வழுக்காத தரை. கத்தியை நன்றாகத் தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்கும்படி ரசூலுல்லாஹ் (ஸல்) கட்டளையிட்டார்கள். அதன் கண் முன்னே கத்தி தீட்டியவரைக் கண்டித்தார்கள்.

இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. பயந்து, களைத்துப்போன மாட்டின் தசையில் கிளைகோஜன் என்ற சத்து தீர்ந்துவிடும். அறுத்த பிறகு இறைச்சியில் போதிய அமிலம் ஊறாது. இறைச்சி கறுத்து, சீக்கிரம் கெட்டுவிடும். ஏழு பங்குக்காரர்களுக்கும் நஷ்டம்.

இன்னொன்று. நம் பக்கத்து வீட்டு அண்ணன்மார், அக்காமார் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய குடும்பத்தார். "தம்பி, மாட்டுக்குத் தண்ணி வச்சீங்களா?" என்று முதலில் கேட்பவர்கள் அவர்களே. மறைவான இடத்தில் அறுப்பதும், இரத்தத்தை ஓடையில் விடாமல் குழி வெட்டிப் புதைப்பதும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் அனுப்புங்கள். ஆனால் ஒரு மாடாவது இங்கே நம் கண் முன்னே ஒரு வாரம் வளரட்டும். பிள்ளைகள் முறைவைத்துத் தீனி போடட்டும். அறுப்பதைப் பார்க்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். அழுதால் அதட்டவும் வேண்டாம். அறுக்கும் காட்சியைப் படம் எடுத்துப் பரப்ப வேண்டாம். பங்கு இறைச்சியை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். தான் புல் கொடுத்த மாடு யார் பசியை ஆற்றியது என்று அது தெரிந்துகொள்ளட்டும்.

பெயர் வைக்கலாமா? வைக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாட்டை யாரும் அடித்து இழுக்க மாட்டார்கள்.

அல்லாஹ் நம் குர்பானியைக் கபூல் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.