ஆங்கிலப் பெயரெச்சத் தொடரும் தமிழ் மாணவரும்



தமிழ்வழி பயிலும் மாணவன் ‘நான் வாழும் வீடு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்து, இறுதியில் வரவேண்டிய ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல்லை விட்டுவிடுகின்றான். திருத்துவோர் செம்மையாற் கோடிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பர். ‘தமிழிற் படித்தவனுக்கு ஆங்கிலம் வாராது’ என்று பழியும் கூறுவர். ஏன் விட்டான் என்று வினவுவார் அரியர்.

அதன் கரணியம் தமிழிலக்கணத்திலேயே உளது. ‘வெட்டிய’ என்னும் பெயரெச்சம் ஒன்றே. வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள், வெட்டிய வெட்டு என அறுவகைப் பெயரையும் அது தழுவும். இவ்வாறு பொருளையும் தொல்காப்பியர் வினையியலில் தொகுத்தோதினார். கத்தி என்றவுடன் அது கருவியென்பது கேட்போனுக்குத் தானே விளங்குதலின், ‘ஆல்’ உருபு அங்கு வேண்டப்படவில்லை.

ஆங்கில நெறி வேறு. அங்குப் பெயர் முன்னே நிற்கும். யார் என்னும் பொருளுடைய ‘ஊ’ உயர்திணைக்கும், எது என்னும் பொருளுடைய ‘விச்சு’ அஃறிணைக்கும் இணைப்புச்சொல்லாய்த் தொடரும். அதன்பின் வருந்தொடரில் அப்பெயருக்குரிய இடம் மட்டும் வெறுமையாயிருக்கும். முன்னிடைச்சொல்லோ பெயரை இழந்தும் அங்கேயே நிற்கும். அச்சொல்வரிசையைத் தமிழாற் காட்டின், ‘கத்தி – எது – அவன் வெட்டினான் – ஆல்’ என்றாகும். உருபு தனித்து நிற்பது தமிழ்ச்செவிக்கு விந்தையே.

ஆங்கிலேயருள்ளும் இதனை வெறுத்தார் உளர். திரைடன் என்னும் பாவலர் 1672-இல், முன்னிடைச்சொல்லை இறுதியில் நிறுத்தியமைக்காகப் பென் சான்சனைக் குறைகூறினார். இலத்தீனில் அஃது அவ்வாறு நில்லாது. பின்வந்த பள்ளியாசிரியர் பலர் அதனை விதியாகவே கற்பித்தனர். மக்கள் வழக்கோ அசையவில்லை. பிறமொழி இலக்கணத்தைத் தம்மொழிமேல் ஏற்றுவார் எந்நாட்டிலும் உளர் போலும்!

ஆங்கில நெறிக்கு ஒரு சிறப்பும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. உரையாசிரியர் காட்டும் ‘புலி கொல் யானை’ என்னுந் தொடரில், கொல்வது எது, படுவது எது என்னும் ஐயம் பிறக்கும். ஆங்கிலத்தில் ‘யானை – எது – கொன்றது – புலி’ எனின் கொன்றது யானை. ‘யானை – எது – புலி – கொன்றது’ எனின் கொன்றது புலி. சொற்கள் அவையே, வினை நிற்கும் இடமே பொருளை வேறாக்குகின்றது. தமிழில் ‘புலியைக் கொன்ற யானை’ என உருபை விரித்தால் ஐயம் நீங்கும்.

இணைப்புச்சொல் தொகுதலும் உண்டு. ‘நான் படித்த நூல்’ என்பதில், நூல் செயப்படுபொருளாதலின், ‘நூல் – நான் படித்தேன்’ என்றே ஆங்கிலத்தில் அமையும். ‘வந்த ஆள்’ என்பதிலோ விடலாகாது; விட்டால் ‘ஆள் வந்தான்’ என முற்றுத்தொடராகிவிடும்.

ஆகவே, பெயர்ப்பதற்கு முன்னர் எச்சத்தை முற்றாக்கச் செய்க. ‘வாழும் வீடு’ வீட்டில் வாழ்தலாக விரியும். மறைந்த ‘இல்’ உருபு வெளிப்பட்டால் ஆங்கில ‘இன்’ தானே நினைவுக்கு வரும். ‘அமர்ந்த நாற்காலி’, ‘பேசிய தோழன்’ என்பனவற்றையும் இவ்வாறே விரிக்கலாம். ‘பணம் கொடுத்த ஆள்’ என்பதை மட்டும் இருவகையாக விரித்துக் காட்டல் வேண்டும். அவ்வாள் கொடுத்தவனுமாகலாம், பெற்றவனுமாகலாம். கரும்பலகையில் இரண்டையும் ஒருங்கெழுதிக் காட்டக் கால்மணி நேரம் போதும்.